பேர் மட்டும் வராது

தோளில் களிம்பைத் தேய்த்து முடித்ததும் இராக்கம்மா உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். "ஒரு வாசமும் இல்ல மிஸ்ஸி. எனக்குக் குடுத்தது நெசமான மருந்துதானா?"

ஆய்வைக் கவனிக்கும் தாதி மயூரி கையை விரிப்பாள். அது அவளுக்கும் தெரியாது. நோய்நொடி இல்லாத முதியவர்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் நினைவாற்றல் கூடுமா என்று பதுளை ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. பாதிப் பேருக்கு ஹார்மோன் களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்பது முடியும்வரை பரம ரகசியம்.

"பூசுன மறுநாளே எங்க மாமியா ஏசுனதெல்லாம் ஞாபகம் வந்திருச்சு. மருந்தாத்தான் இருக்கும்" என்று இராக்கம்மா தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்வார்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நினைவுச் சோதனை முடியும்வரை வெற்றிலைப் பையைத் திறக்க மாட்டார். வாயில் போட்டால் புத்தி அதிலேயே நிற்குமாம். ஆய்வுக்கு வந்ததே பயத்தில்தான். அவருடைய அக்கா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்மூடினார். "உசுரு போகட்டும் மிஸ்ஸி, புத்தி போகக் கூடாது."

சோதனையில் ஒரு சின்னக் கதை. ரெங்கசாமி என்பவன் பஸ்ஸில் குடையைத் தொலைக்கிறான். மயூரி வாசித்து அரை மணி கழித்து இராக்கம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். குடையின் நிறம், பையிலிருந்த பீட்ரூட், குடையை எடுத்துக் கொடுத்த பெண்ணின் ஊர் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. பெயர் மட்டும் வராது. "அந்த ஆளு பஸ்ஸவிட்டு எறங்குறாரு" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போவார். "அந்த ஆளின்ர பேர் என்ன அம்மா?" என்று கேட்டால் தலையைக் குனிந்து சிரிப்பார். மயூரி சைபர் போடுவாள். ஒவ்வொரு தடவையும் அதே சைபர்.

இந்த முறை சைபரைப் போட்டுவிட்டு மயூரி மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். "அம்மா, உங்களுக்குப் பேர் நினைவில நிக்கேல்ல எண்டு டொக்டர் நினைக்கிறார். ஆய்வில இருந்து எடுத்துப்போட்டு, மறதி நோயோ எண்டு பாக்க வேணுமாம்."

இராக்கம்மாவின் முகம் வெளுத்தது. "எனக்கா மறதி?" வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. சட்டென்று எழுந்து மயூரியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். வெளியே பெஞ்சில், அவரைக் கூட்டி வந்த கணவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். இராக்கம்மா அவரைச் சுட்டிக் காட்டினார்.

"ஐயா, உங்கட பேர் என்ன?" என்று மயூரி கேட்டாள்.

"ரெங்கசாமிங்க." கிழவர் கண்ணைக் கசக்கினார். "ஏன், இவ சொல்லலியா? எங்க சொல்லுவா! சொன்னா என் ஆயுசு கொறஞ்சிருமாம். தாலி கட்டுன நாள்லேருந்து ஒரு தடவ வாய் தவறினதில்ல."

மயூரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வாழ்நாள் முழுக்க, தூக்கத்திலும் கோபத்திலும் நழுவவிடாத ஒரு பெயர்! மறதிக்கு இத்தனை பயந்தவர், தெரிந்த விடையை விழுங்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் தோற்றுப் போயிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனுஷி!

இராக்கம்மா அதற்குள் மேசைக்குத் திரும்பியிருந்தார். பின்னால் வந்த மயூரியின் கையில் பேனாவைத் திணித்து, தாளிலிருந்த சைபரை விரலால் தட்டினார்.