ஒரு மூடி மருந்து

காலை ஐந்தே முக்கால். சன்னல் திட்டில் அருகருகே நின்ற இரண்டு மருந்துப் புட்டிகள்தான் முதலில் கண்ணில் பட்டன. மழைச்சாரல் தெறித்து இரண்டின் லேபிள்களும் ஓரத்தில் ஊறியிருந்தன. ஒன்று, காய்ச்சல் மருந்து தீர்ந்தபின் அம்மா விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருந்த பழைய புட்டி. மற்றது முந்தின நாள் அப்பா செங்கோட்டையில் வாங்கிவந்த புதியது. அதே பெயர், அதே ஆரஞ்சு நிறம். பழையதில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும், புதியதில் ஐந்து மில்லிக்கு 250 என்றும் போட்டிருந்தது.

குற்றாலத்தில் அப்போது சீசன். அருவிக்கரையில் பழக்கடை போட்டிருந்த அப்பா இருட்டோடு போய்விடுவார். மூன்று வயதுத் தம்பி காய்ச்சலில் கிடந்தான். அளவுக் குவளை எப்போதோ தொலைந்துவிட்டதால் எங்கள் வீட்டில் மருந்தின் அளவு "ஒரு மூடி". முந்தின நாள் மதியத்திலிருந்து நான்கு தடவை புதுப் புட்டியின் மூடியால் ஊற்றியாகிவிட்டது. விடியும்போது வாந்தி எடுத்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் ஏழாம் வகுப்பில் ஓரலகு முறை நடத்தியிருந்தார்கள். ஐந்து பேனாவின் விலையிலிருந்து ஒரு பேனாவின் விலைக்கு வந்துவிட்டால், அங்கிருந்து எத்தனை பேனாவுக்கும் போகலாம். பேனா இருந்த இடத்தில் மருந்தை வைத்துப் பார்த்தேன். பழையதில் ஒரு மில்லிக்கு இருபத்தைந்து. புதியதில் ஐம்பது.

"எம்மா, இது டபுள் பவரு. அதே மூடில ஊத்துனா ரெண்டு மடங்கு போகும்."

"அதே பேரு, அதே கலரு. மருந்துல என்னட்டி டபுளு?"

எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று சிரித்தார். "ஏழாப்பு போய் ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள டாக்டரம்மா ஆயிட்டா. பீசு எவ்வளவுட்டி?"

அம்மா ஐந்தாவது மூடியை ஊற்றுவதற்காகத் தம்பியை மடியில் கிடத்தினார். நான் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்க் குழாயடியில் கவிழ்த்தேன். முதுகில் அறை விழுந்தபோதும் மிச்சம் இருக்கிறதா என்று உதறிக்கொண்டுதான் இருந்தேன்.

மருந்துக்கடை திறக்க ஒன்பது மணி ஆகும். அதனால்தான் அம்மா அவனைத் துண்டில் பொதிந்து தென்காசி பஸ்ஸில் ஏறினார்; என் கணக்கை நம்பி அல்ல. "காலிப் புட்டியக் கொண்டு போங்க மைனி, பாத்து அதையே எழுதிக் குடுப்பாவ" என்று அத்தை கூடையில் போட்டுவிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

"எவ்வளவும்மா குடுத்தீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"எப்பவும் குடுக்கிறதுதான் சார். ஒரு மூடி."

"எந்த மூடி?"

அவர் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அந்த மூடியில் விட்டார். லேபிளில் ஐந்து என்று இருந்ததால் மூடியும் ஐந்துதான் என்று நானாக வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு மேலும் தண்ணீர் இறங்கியது; ஏழில்தான் ததும்பியது.

"இதுல பாதிகூட வேண்டாம்மா இவனுக்கு. ஈரல்ல பட்டிருக்கான்னு ரத்தம் எடுத்துப் பாக்கணும். இங்கயே இருக்கட்டும்."

அம்மா மூடியை வாங்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கும்போது தம்பி அழவில்லை. அவன் அழாததைத்தான் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இன்னொரு ஊசிக்கு அவன் வீறிட்டபோது, வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அம்மாவும் அழுதார். மறுநாள் வந்த முடிவில் ஈரலுக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

நாங்கள் குடியிருந்த வளவு வீடுகளைப் பிற்பாடு இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். கண்ணாடிப் புட்டிகள் போய்விட்டன. இப்போது காய்ச்சல் மருந்தோடு கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையும் சேர்ந்தே வருகிறது.

தம்பி சுரண்டையில் வேலை பார்க்கிறான். எழுபத்தெட்டு கிலோ இருக்கிறான். காய்ச்சல் என்றால் அம்மா இன்றும் அவனுக்கு அரை மாத்திரைதான் கொடுக்கிறார்.