மஞ்சள் பட்ட பங்குப் பத்திரம்

ரப்பர் கம்பெனியில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், சேர்த்து வைத்த சம்பளத்தில் ஒரு வங்கியின் பத்துப் பங்குகளை வாங்கினேன். அரையாண்டுக்கு ஒரு முறை வங்கியின் லாபத்தில் என் பங்குக்கான ஈவு வரும். தம்பியின் பள்ளிக் கட்டணத்தை அதிலேயே கட்டிவிடலாம். போட்ட முதல் கைபடாமல் வளரும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் அவனாக வேண்டும்.

அந்தப் பணத்துக்குச் சங்கிலி வாங்கியிருக்கலாம் என்பது அம்மாவின் மனக்குறை. இருந்தாலும் ஆயுத பூஜையன்று பத்திரத்தைப் புத்தகங்களோடு விளக்கின் முன் வைத்து, குழைத்த மஞ்சளை நான்கு மூலையிலும் இட்டார். நடுவிலும் ஒரு பொட்டு. பூஜை முடிந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

மறு வருடம் ரப்பர் விலை விழுந்தது. என் சம்பளத்தைக் குறைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. பங்கின் விலையும் பாதியாகியிருந்தது.

"இப்பவே வித்துப்புடு. நாளைக்கு அந்தக் காயிதத்துல கடலைகூடக் கட்டித் தர மாட்டான்," என்றார் அப்பா.

"ஈவு வரும்பா. தம்பி படிக்கணும்லா."

"படிச்சு நீ வாங்குனது இதுதானே!"

பத்திரத்தை மடித்தபடியே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். விற்பதற்காகப் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பங்குத் தரகரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தராக இருந்த ராவுத்தர் பத்திரத்தை விரித்தார். நடுப்பொட்டின் ஈரத்தில் மை கரைந்து, என் பெயரும் பத்திர எண்ணும் ஒரே கறையாகியிருந்தன.

"என்ன தம்பி, பத்திரத்துக்கு நலங்கு வெச்சீங்களா? இத எவன் வாங்குவான்? பேங்குக்கு எழுதிப் போட்டு வேற பத்திரம் வாங்கிட்டு வாங்க. ரெண்டு மூணு மாசம் ஆவும்லா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கறையைத் துடைத்துப் பார்த்தார்.

"சாமிக்கு வெச்சத சாமியே வெச்சுக்கிட்டாரு," என்று அப்பா சிரித்தார்.

வங்கிக்கு எழுதிப் போட்டேன்; புதுப் பத்திரம் வருவதற்குள் ஈவுக்கான காசோலை தபாலில் வந்துவிட்டது. என்னிடமிருந்த தாள் கறையானாலும் வங்கியின் பதிவேட்டில் என் பெயர் இருந்தது. தொகை முன்பைவிடக் குறைவு. அப்பா நம்பவில்லை, சட்டை மாட்டிக்கொண்டு என்னோடு வங்கிக்கு வந்தார். காசாளர் ஈவுப் பணத்தை வெள்ளி வெள்ளியாக எண்ணி வைத்த பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"மறுபடியும் தருவானா?"

"லாபம் இருந்தா தருவாங்கப்பா."

அன்றே பள்ளிக்குப் போய்த் தம்பியின் கட்டணத்தைக் கட்டினோம். புதுப் பத்திரம் வந்தபோது பங்கின் விலை இன்னும் இறங்கியிருந்தது. விற்கட்டுமா என்று இம்முறை நான்தான் கேட்டேன்.

"அவன் படிச்சு முடிக்கட்டும்," என்றார் அப்பா. "அப்பறம் பாத்துக்கலாம்."