தண்ணி படக்கூடாத பாத்திரம்

என் மனைவியின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் பிள்ளைகள் மூவரும் கூடிப் பேசினார்கள். பேச்சு என்னைப் பற்றி. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், கதவும் திறந்துதான் இருந்தது. அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது, அதனால் சிதம்பரம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடலூரில் சின்ன மகளோடு போய் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் பெரிய மகளும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனும் இதில் ரொம்ப உறுதியாக இருந்தார்கள்.

கடலூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் சாயரட்சைக்குப் போய் நடராஜர் முன்னால் நிற்காமல் எனக்குப் பொழுது சாய்ந்த மாதிரியே இருக்காது. அண்ணாமலை நகரில் தோட்ட வேலை பார்த்த காலம் முழுக்க, வேலை விட்டதும் சைக்கிள் நேராகக் கோயிலுக்குத்தான் போகும். வீடு அப்புறம்.

"மாமா, எங்க ஊர்லயும் பாடலீஸ்வரர் இருக்காரு. வூட்லேர்ந்து நடந்தே போயிடலாம்" என்றார் கடலூர் மாப்பிள்ளை.

"இருக்காரு மாப்ள. அவரையும் கும்புடுறவன்தான். ஆனா தெனம் பாத்த மொகம்னு ஒண்ணு இருக்குல்ல."

கடைசியில் பெரிய மகள் ஒரு வழி சொன்னாள். வருஷத் தெவசம் வரைக்கும் பார்ப்பது. அதுவரை மத்தியானத்துக்கு மட்டும் மெஸ் சாப்பாடு, மற்ற வேளைக்கு நானே செய்து ஒழுங்காகச் சாப்பிட்டு, தினமும் போட்டோ அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கடலூர். நான் கேஸ் அடுப்பைத் தொடுவதில் என்னைவிட அவளுக்குப் பயம் ஜாஸ்தி. அதனால் ஒரு சாண்ட்விச் மிஷினை வாங்கி வந்து சாமி அலமாரிக்குப் பக்கத்து மேடையில் வைத்தாள்.

பெட்டி மாதிரி இருந்தது. வாயைத் திறந்து இரண்டு துண்டு ரொட்டியை வைத்து மூடினால் சிவப்பு விளக்கு எரியும். பச்சை வந்ததும் எடுத்தால் ஓரம் ஒட்டி, முக்கோணமாக, சமோசாவுக்குத் தம்பி மாதிரி வரும்.

"எப்டிம்மா கழுவுறது?" என்று கேட்டேன்.

"கழுவக் கூடாதுப்பா. தண்ணி படக் கூடாது. ஈரத் துணியால தொடச்சா போதும்."

தண்ணி படக்கூடாத பாத்திரம் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மூடியின் மேல் விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்துவிடுவேன். சூடேறும்போது வீடெல்லாம் சந்தன வாசனை வரும். அதற்குப் பிறகு அதில் சாப்பிடச் சங்கடமில்லை.

உள்ளே என்ன வைப்பது என்று ஆளுக்கொரு தேசத்து வழி சொன்னார்கள். சிங்கப்பூரில் வறுத்த ரொட்டிக்குள் தேங்காய் ஜாமும் கெட்டி வெண்ணெயும் வைப்பார்களாம். மகள் ஒரு டப்பா கொண்டுவந்தாள். அதில் முட்டை கலந்திருப்பதை டப்பாவைப் படித்து அவளே சொன்னாள். வடலூர் ஜோதி பார்த்துவிட்டு வந்த ஒரு தைப்பூசத்தோடு முட்டையும் கறியும் விட்டவன் நான். டப்பா அவளோடு திரும்பிப் போனது. ஆஸ்திரேலியாவில் ஆபீசுக்கு ஆபீஸ் இந்த மிஷின் உண்டாம். மத்தியானம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்பார்களாம். வேகவைத்த பீன்ஸைக்கூட ரொட்டிக்குள் அடைத்து ஓரத்தை ஒட்டிவிடுவார்களாம். "எல்லாருமா சாப்பாட்டுக்கு வரிசையில நிப்பாங்க?" என்று கேட்டேன். "மேனேஜரும் நிப்பாருப்பா" என்றான் மகன். அங்கே அன்னதானம் அந்த முறையில் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கடலூர் மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கி, சீஸ் தடவி, வைத்து அழுத்துவது. மூன்றையும் செய்து பார்த்தேன். சிங்கப்பூருக்குப் பதிலாகக் கொழுக்கட்டைப் பூரணம் வைத்தேன். நன்றாகவே வந்தது.

ரொட்டி வாங்குவதில்தான் கஷ்டம். முதல் நாளே கடைக்காரர், "வூட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். எனக்குத்தான் என்றேன். அதன்பிறகு தினமும் உடம்பைப் பற்றி விசாரித்தார். நானும் தேவலை என்று சொல்லிவந்தேன்.

என் மனைவி இருந்தவரை காக்கைக்கு வைக்காமல் காலையில் யாரும் சாப்பிட்டதில்லை. அதை விடக் கூடாது என்று எனக்கிருந்தது. மத்தியானம் வரும் மெஸ் சாப்பாட்டை வைக்க முடியாது, வீட்டில் செய்ததைத்தான் வைக்க வேண்டும். வீட்டில் செய்வதோ ரொட்டி. எனவே காலையில் ஒரு முக்கோணத்தை மொட்டை மாடிச் சுவரில் வைத்துக் கூப்பிடுவேன். முதலில் காக்கை யோசித்தது. பிறகு நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது.

வருஷத் தெவசம் வந்தது. பெரிய மகள் வந்துவிட்டாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில் இருந்தான். மங்கலம்பேட்டையிலிருந்து மனைவியின் அண்ணன் வந்திருந்தார். சோறு, வடை, பாயசம், வாழைக்காய் என்று சின்ன மகள் குறையில்லாமல் சமைத்துப் படைத்தாள். இலையை மாடிச் சுவரில் வைத்தோம்.

காக்கை வந்தது. இலையைப் பார்த்தது. நகர்ந்து போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறியது. யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "என்னாச்சு? சாப்டுச்சா?" என்று மகன் போனிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எந் தங்கச்சிக்கு மனசுல என்னமோ கொற இருக்குது" என்றார் மச்சான். "சும்மாவா வந்து திரும்பிப் போவும்?"

பெரிய மகள் அழத் தொடங்கிவிட்டாள். "அப்பா ஒழுங்கா சாப்டலன்னு அம்மாவுக்குக் கோவம். அப்பவே கடலூருக்கு அனுப்பியிருக்கணும். இன்னைக்கே கெளம்புங்கப்பா."

நான் தொட்டிப் பக்கம் திரும்பினேன். காக்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது ரொட்டிக்கு நிக்குது" என்றேன்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், தெவசத்தன்னைக்கு வெளாட்டா?"

"தெனம் அதத்தான் வக்கிறேன் மச்சான்."

"எந் தங்கச்சி காய்ச்சலுக்குக்கூட ரொட்டி தின்னாதவ."

"இப்ப திங்கறா."

கீழே இறங்கினேன். படையல் சோற்றையும் வாழைக்காயையும் ரொட்டிக்குள் வைத்து மிஷினை மூடினேன். உள்ளே இருந்ததெல்லாம் முறைப்படி படைத்ததுதான், மேலும் கீழும் ரொட்டி மட்டும் கூடுதல். சந்தனம் மணந்தது. பச்சை விளக்கு வர ரொம்ப நேரம் எடுத்த மாதிரி இருந்தது. சிவசிவ என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

மாடியில் இலை ஓரத்தில் வைத்தேன். கையை எடுக்கக்கூட விடவில்லை. ரொட்டியைக் கொத்தித் தின்றுவிட்டு, போனால் போகிறதென்று வடையிலும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டது.

பெரிய மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "தெனமுமாப்பா வராங்க?"

"தெனம் காலயில வராங்க."

உடனே போனில் தம்பியிடம், "அப்பா கடலூர் போயிட்டா அம்மாவுக்கு யாருடா வப்பாங்க? இங்கயே இருக்கட்டும்" என்றாள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் சரி என்று வந்தது.

"ரூம்ல ஃபேன்லாம் மாட்டி வச்சிருந்தேன் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"இருக்கட்டும் மாப்ள. நான் வரப்ப போறப்ப சுத்தட்டும்."

சாப்பிட்டு முடித்ததும் மச்சான் சமையலறைப் பக்கம் வந்து மிஷினைத் தொட்டுப் பார்த்தார். "இதுல எனக்கும் ஒண்ணு போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். காரம் போதவில்லை என்றார்.

மறுநாள் காலை ரொட்டிக் கடைக்குப் போனேன்.

"இன்னும் ஒடம்பு சரியாவலயா?" என்றார் கடைக்காரர்.

"ஆயிடுச்சு" என்றேன்.

அவர் ரொட்டியை உள்ளே வைக்கப் போனார். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.