அக்காவின் படகில் பாடி எர்த்

ஜீப்புக்கு வயரிங் செய்கிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. வண்டியில் வயர் கண்ணில் படக்கூடாது. மிதியடிக்குக் கீழே, கதவு இடுக்கில், கூரைத் துணிக்குள் என்று ஒளிந்து ஓடி, விளக்கு மட்டும் எரிய வேண்டும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்புகள் பலவும் அல்லிநகரத்தில் இருந்த என் பட்டறைக்கு வரும். பாட்டுப் பெட்டிக்கு வயர் எந்த வழியாகப் போகிறது என்று டிரைவர்கள் குனிந்து குனிந்து தேடுவார்கள். நன்றாகத் தேடுங்கள் என்று நான் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். அந்தத் திமிரோடுதான் அக்காவின் படகிலும் கை வைத்தேன்.

அக்காவை ஜெயமங்கலத்துக்கு அப்பால், வைகை அணைத் தண்ணீர் ஓரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்கு மீன்பிடித் தொழில். அங்கே புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். அவர் வலை விடுவார், அவள் துடுப்புப் போடுவாள். மற்றவர்களுக்கெல்லாம் பரிசல். மச்சானிடம் மட்டும் லேத் பட்டறையில் இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்து அடித்த சின்னப் படகு இருந்தது. பார்க்க ஜோர், தள்ள எமன். அதைத் தள்ளித் தள்ளியே அக்காவுக்கு வலது தோள் கெட்டுப்போனது. இப்படியே துடுப்புப் போட்டால் ஒருநாள் கையைத் தூக்கவே முடியாது என்று பெரியகுளத்து டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் விடியலில் தண்ணீருக்குப் போய்விட்டாள். வேறு என்ன செய்வாள்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு டிரைவர், தேக்கடிப் பக்கம் ஏதோ விடுதியில் கழித்துப் போட்ட பேட்டரி மோட்டார் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். ஒரு கம்பின் நுனியில் உருண்டை மோட்டாரும் சின்ன விசிறியும். தண்ணீருக்குள் முக்கிவிட்டால் படகைச் சத்தமில்லாமல் தள்ளும். பார்த்ததும் எனக்கு அக்காவின் தோள்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் அணையில் மோட்டார் கூடாது. அது மீன்பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிவைத்த கட்டுப்பாடு. முங்கிக் கிடக்கும் பட்டமரங்களுக்குப் பக்கத்தில்தான் மீன் நிற்கும். விடியலில் எல்லாரும் ஒரே கரையிலிருந்து கிளம்ப வேண்டும், முதலில் போய்ச் சேர்கிறவருக்கு அந்த இடம். கைவலுவுக்குக் கிடைக்கிற இடத்துக்கு மோட்டாரோடு போனால் மற்றவர்கள் வாயில் மண்தானே? மீறினால் அந்த வருசம் முழுக்கத் தண்ணீரில் இறங்க முடியாது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மச்சான் பட்டறைக்கே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "யாருக்கும் முந்திப் போக மாட்டேன் மாப்ள. இவ கை தப்புனாப் போதும். ஆனா வெளிய தெரியக் கூடாது."

மறைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னால் போதாதா? ஞாயிற்றுக்கிழமை பட்டறையைச் சாத்திவிட்டுப் போனேன். மோட்டாரின் கம்பைக் குட்டையாக அறுத்து, பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பொருத்தினேன். அக்கா உட்கார்வதும் பின்பக்கம்தான் என்பதால், கனம் சமமாக இருக்கட்டும் என்று பேட்டரியை முன்பக்கப் பலகைக்கு அடியில் வைத்தேன். படகின் விளிம்புத் தகடு உள்பக்கமாகச் சுருட்டி விட்டிருந்தது. பழைய கிளட்ச் கேபிள் ஒன்றை அதற்குள் நுழைத்து, அதன் வாலில் வயரைக் கட்டி முன்னாலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டேன். சுவிட்சு அக்காவின் குதிகால் படுகிற இடத்தில். துடுப்பைச் சும்மா தண்ணீரில் பிடித்துத் திசை காட்டினால் போதும்.

மோட்டாருக்குப் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர் வேண்டும். விளிம்புக்குள் ஒன்றுதான் நுழைந்தது. நான் கவலையே படவில்லை. ஜீப்பில் யார் இரண்டாவது வயர் இழுக்கிறார்கள்? வண்டியின் இரும்பு உடம்பே திரும்பி வரும் வழி. பாடி எர்த் என்போம். பெயிண்டைச் சுரண்டி, தகடு பளபளவென்று வந்ததும் துளை போட்டு, வயர் நுனியில் மாட்டுகிற செம்பு லக்கை வைத்து போல்ட்டை முடுக்கிவிடுவோம். முன்னால் ஓர் இடத்திலும் பின்னால் ஓர் இடத்திலும் அப்படியே சுரண்டி முடுக்கினேன். பின்னால் சுரண்டியது அக்காவின் காலுக்கு நேர் கீழே, பலகைக்கு அடியில். கிரீஸ் தடவினேன், பலகையைப் போட்டு மூடினேன். ஜீப்பின் காலடியில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்காது, படகில் நிற்கும். இதைச் சின்னப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. அக்காவின் தோள் வலி குறைந்தது, தலையைத் தானே சீவிக்கொண்டாள். அவள் துடுப்பைப் பிடிக்கிற லாவகத்தைப் பார்த்துப் பரிசல்காரப் பெண்கள், மச்சான் தினமும் முட்டை அவித்துப் போடுகிறாரா என்று கேலி செய்தார்களாம். அக்கா அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சிரிப்பு முடிந்ததும் எங்கேயோ பார்த்தாள். மச்சானும் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. சில நாள் பட்டமரத்துப் பக்கம் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறார். அதை அவரே என்னிடம் தலை கவிழ்ந்துகொண்டு சொன்னார். நான் என் வேலையின் சுத்தத்தை நினைத்துச் சந்தோசப்பட்டேன். மானங்கெட்ட சந்தோசம்.

ஒரு விடியலில் அணையின் நடுவே அக்காவின் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. பேட்டரி முங்கியது, மோட்டார் நின்றது. மச்சான் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி இறைக்க, அக்கா துடுப்பை எடுத்துப் போட்டாள். தண்ணீர் ஏறிய அந்தக் கனத்தை, கெட்டுப்போன தோளை வைத்துக்கொண்டு, பரிசல்கள் வந்து கயிறு போடுகிற வரைக்கும் தள்ளியிருக்கிறாள். கரையில் படகை இழுத்துப் போட்டபோது எல்லாரும் விசிறியைப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. அந்த வருசத்துக்குப் படகு இறங்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். கரைக்கு இழுத்து வந்ததும் அவர்கள்தான். மச்சான் மாந்தோப்புக் காவலுக்குப் போனார். அக்காவின் வலது கை அதற்குப் பிறகு இடுப்புக்கு மேல் எழவில்லை.

சேதி கேட்டு அன்றைக்கே போனேன். மச்சானும் நானும் படகைக் கவிழ்த்தோம். தகடு முழுக்க நன்றாக இருந்தது. பின்பக்கம் ஒரே ஓர் இடத்தில், என் போல்ட்டைச் சுற்றி, தகடு அப்பளமாக உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூட இருக்கிறவர்களை ஏமாற்றியதற்குத் தண்ணீர் கொடுத்த கூலி இது என்று சொன்னார். நிஜமாகவே நம்பினார்.

"மச்சான், இது நான் சுரண்டுன எடம்" என்றேன். எர்த் போட்டதை, பெயிண்ட் போன தகட்டைச் செம்பும் தண்ணீரும் கரண்டும் சேர்ந்து தின்றதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓட்டையின் ஓரத்தை விரலால் உதிர்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்க அக்காகிட்ட இதைச் சொல்லாத. பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அக்கா என் முன்னாலேயே அவரை ஏசுவாள். பேராசை பிடித்து முந்திப் போனாக, படகைக் கவனிக்கலை, என் கையைத் தின்னுட்டாக என்பாள். சாப்பிடக்கூடக் கூப்பிட மாட்டாள், அவர் தட்டைத் தனியாக மூடி வைத்துவிடுவாள். அவர் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். என்னைப் பார்க்கக்கூட மாட்டார். நான் மீன் குழம்பைப் பிசைந்து தின்றுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போடும்போது அக்கா இடது கையில் கரண்டியைப் பிடித்திருந்தாள். "எடது கையால போடுறேன்னு தப்பா நெனைக்காதப்பா. இந்தக் கை சட்டிக்கே எட்ட மாட்டேங்குது." என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அதற்கு மேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். எந்த இடம் என்று கேட்டாள். உன் காலுக்கு நேர் கீழே என்றேன்.

"அப்ப படகு ஓட்டையானதுக்கு அவுக காரணமில்லையா?"

"இல்லக்கா."

"அவுகளுக்குத் தெரியுமா?"

தெரியும், உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அவர்தான் தடுத்தார் என்றேன். சொன்ன பிறகுதான், அதிலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று உறைத்தது.

அக்கா வாசலுக்குப் போனாள். "வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டாள். மச்சான் நம்பாமல் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தட்டு வைத்து, இடது கையாலேயே சோறு போட்டு, குழம்பை ஊற்றி, சட்டியைத் துழாவிப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். என்னிடம் கேட்டதுபோல இடது கைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் தட்டில் கொஞ்சம் சோறுதான் இருந்தது. எனக்கும் போடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் சோற்றுச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். குரலில் கோபமே இல்லை.

"ஒனக்கு வேணுங்கிறதை நீயே போட்டுக்க."

அந்த வீட்டில் அதுவரைக்கும் நான் கரண்டியைத் தொட்டதில்லை. எடுத்துக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டேன்.