முனகிய பம்ப்

"பேப்பர்ல படிச்சவ நீ. இரும்பு உன் பேச்சைக் கேக்குமா?"

அம்மா இதைக் கேலியாகத்தான் கேட்டாள். நான் மின்னியல் படிப்பில் சேர்ந்த புதிது. கருங்குழி வீட்டில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. நான் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆளே நான்தான். அதனால் அந்தக் கேலி கொஞ்சம் ஆழமாகவே குத்தியது. படித்து முடித்ததும் ஓ.எம்.ஆரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை. இரும்பைத் தொட அவசியம் வரவில்லை, அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

அம்மா அப்போது திருவிடந்தைப் பக்கமே குடிபோய், கடலோர ரிசார்ட் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எந்நேரமும் வெந்நீர், சோப்பு, பிசுக்கு போக ஊற்றும் ஏதோ ஒரு காரமான திரவம். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், குழம்பு எரிகிறது என்று ஸ்பூன் கேட்டாள். வாழ்நாளில் ஸ்பூனால் சோறு தின்றவள் இல்லை. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தோல் டாக்டர், இனி சோப்புத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்றார்.

கேளம்பாக்கத்தில் வாடகைக்கு ஒரு ஃப்ளாட் பிடித்து, வேலையை விடச் சொல்லி அவளை அழைத்து வந்தேன். வந்தும் பயனில்லை. சிங்க்கில் ஒரு டம்ளர் விழுந்தாலும் எனக்கு முன்னால் அங்கே நிற்பாள். கடைசியில் ஒரு டிஷ்வாஷர் வாங்கினேன்.

"பாத்திரம் கழுவுறவளுக்கே பாத்திரம் கழுவ மிஷினா? நல்லா கீது போ," என்று சிரித்தாள். ஆனால் கை ஆறியது. மறுபடியும் விரலால் பிசைந்து சாப்பிட்டாள். என் அம்மா இனி யாருடைய எச்சில் தட்டையும் தொட மாட்டாள் என்று ஆபீசில் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் மெஷின் நின்றது. கதவைத் திறந்தால் அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கி நாற்றமடித்தது. போன் பண்ணியதும் ஒரு மெக்கானிக் வந்தார். "சார் இல்லீங்களா?" என்று வாசலிலேயே கேட்டார். இல்லை என்றதும், பக்கத்துச் சுவரைப் பார்த்தபடியே மீதியைப் பேசினார். பட்டனை அமுக்கினார், காது கொடுத்தார். "மோட்டார் போச்சு. பம்ப்பையே மாத்தணும். சாமான் வர நாளாவும்." கையைக்கூட உள்ளே விடவில்லை.

அவர் போனதும் அம்மா சிங்க்கில் தண்ணீரைத் திறந்தாள். நான் போய் மூடினேன். அவள் மறுபடி திறந்தாள்.

"ரிசார்ட்ல கூப்டுகினே கீறாங்க பாப்பா. ஆளு பத்தலயாம். திங்கக்கெழமையிலேர்ந்து போறேன்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"டாக்டரு வந்து நாளெல்லாம் என்கூட ஒக்காந்து பேசிகினு இருப்பாரா?"

அந்தப் பதிலை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது திங்கட்கிழமை என்ற வார்த்தை மட்டும்தான். "மெஷின் ஓடிச்சுன்னா போகக் கூடாது," என்றேன்.

"ஓடட்டும் மொதல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். மெக்கானிக் சொன்னதில் ஒன்று எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் பம்ப் முனகியது, அதை நானும் கேட்டேன். மோட்டாரின் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி எரிந்துபோயிருந்தால் சத்தமே வந்திருக்காது. முனகுகிறது என்றால் மின்சாரம் வந்து சேர்கிறது, சுற்றத்தான் முடியவில்லை. யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதுகூடப் பேப்பரில் படித்ததுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு, மீதியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். உதவிக்கு வரவில்லை. சும்மா நிற்பது அவள் சுபாவமே இல்லை. சிங்க்குக்கு அடியில் கழிவுத் தண்ணீர் போகும் குழாயைக் கழற்றி ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. அடைப்பு அங்கே இல்லை.

பிறகு மெஷினுக்குள்ளே இருக்கும் வடிகட்டியைத் தொட்டேன். அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும். ஆனால் தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. யாரோ கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டாமல் சும்மா வைத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசற்படியில் இல்லை.

வடிகட்டிக்குக் கீழே ஒரு குழி. அதன் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, அதற்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளும் குட்டிச் சக்கரம். மூடியை நெம்பி எடுத்துவிட்டு விரலை விட்டேன். நல்ல சக்கரம் என்றால் விட்டு விட்டு உதறிக்கொண்டாவது சுற்ற வேண்டும். இது அசையவே இல்லை. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், பழுப்பாக ஏதோ ஒன்று அச்சில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. புருவம் திருத்துகிற ட்வீசரால் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. வாழைநார். நுனியில் நைந்துபோன ஒரு சாமந்தி இதழ்.

அப்போதுதான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. லாரிக்கு, பைக்குக்கு, மாவு மெஷினுக்கு எல்லாம் வெளியேதான் மாலை போடுவார்கள். அம்மா இதற்கு வெளியே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, பூவை மட்டும் உள்ளே தட்டு அடுக்கும் கம்பியில் கட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ளதானே அது வேலை செய்யுது," என்றாள். நான்கூட ரசித்துச் சிரித்தேன்.

நாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அம்மா டிவியைப் போடாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பூவைக் கழட்டாமலே ஓட்டிட்டியாமா?"

"மறுநாள் கழட்டலாம்னு இருந்தேன். மறந்துட்டு பட்டனை அமுக்கிட்டேன். அப்பறம் தொறந்தா இன்னா, ஜல்லடை பூரா பூவு. அள்ளிப் போட்டேன். நாரைத்தான் காணோம்."

"அந்த மெக்கானிக் வந்தப்ப நின்னுட்டுதானே இருந்த? ஏன் சொல்லல?"

அவள் நாரைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "சொன்னா எடுத்து வுட்டுட்டுப் போயிருப்பான்."

"அதுக்குத்தானே வந்தார்?"

"எடுத்துட்டா மிஷின் ஓடும். மிஷின் ஓடுனா நான் இங்கயே ஒக்காந்துகினு இருக்கணும். அங்க ஷேர் ஆட்டோல ஏறுனதுலேர்ந்து சிரிப்பு. நான் ஒரு நாள் போவலன்னா பாத்திரம் கழுவுற எடமே ஸ்தம்பிச்சுப்போவும். இங்க நீ போனா ராத்திரிதான் வர்ற. அதுவரைக்கும் இந்த டிவி கத்துது, நான் கேக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. சமையலறைக்குப் போய் மூடியை அழுத்தினேன், வடிகட்டியைத் திருகிப் பூட்டினேன், பிளக்கைச் செருகி ஓடவிட்டேன். முனகல் இல்லை. தண்ணீர் குழாய் வழியே கடகடவென்று இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த சத்தம் அது. எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்திருக்க வேண்டும். தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வந்து கதவோரம் நின்றாள். "சரி, இரும்பு உன் பேச்சைக் கேட்டுச்சு," என்றாள். "நான் இரும்பு இல்ல பாப்பா."

நான் கேட்டுக்கொண்டதால் திங்கட்கிழமை அவள் போகவில்லை. நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது அவளுடைய வேலைப் பை, வெளுத்து மடித்து, செருப்பு ஸ்டாண்ட் மேல் தயாராக இருந்தது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். வலது கட்டைவிரல் ஓரத்தில் புதிதாக ஒரு வெடிப்பு தொடங்கியிருந்தது. மெஷின் ஓடாத அந்தக் கொஞ்ச நாளில் நான் இல்லாத நேரத்தில் கழுவியிருக்கிறாள். கையை விடுவித்துக்கொண்டாள்.

போகாதே என்றால் போகமாட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த டிவிக்கு எதிரேயே உட்கார்ந்திருப்பாள். போ என்றால் அந்த விரல்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். என் அம்மா இனி ஒருநாளும் மிதிக்கக் கூடாது என்று நான் நினைத்திருந்த அந்த ரிசார்ட்டின் பின்வாசலுக்கு நானே போனேன். மீன் கழுவிய தண்ணீர் காயாமல் கிடந்தது. அம்மாவுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் அம்மாள் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்த இஞ்சினீரு பொண்ணு? மிஷின் வாங்கிக் குடுத்த கதைய உங்கம்மா போன்ல சொல்லாத நாளே இல்ல."

கையில் ஈரம் படாத வேலை ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். இதுவரை யாரிடமும் வேலை கேட்டு இப்படி நின்றதில்லை.

அவர் யோசித்தார். "பெட்ஷீட் மடிக்கிற ரூம்ல ஆளு வேணும். துவைச்சுக் காஞ்சு வர்ற துணிதான். ஆனா உங்கம்மா ஒத்துக்குமா? பாத்திரம் கழுவுற எடத்துல அது ராணி மாதிரி இருந்துச்சே."

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அம்மாள், அம்மாவின் யூனிஃபார்ம் அளவைக் கேட்டார். அளவைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.