பாஜிலாவின் பன்னிரண்டு பெட்டிகள்

கணவர் பக்கீர் முகம்மது இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் பாஜிலா வாசல் தாண்டவில்லை. இத்தா என்ற அந்தத் துக்கக் காலம் முடிந்த மறுநாள் காலை அவள் முதலில் போனது உத்தமபாளையத்துக்கு மேற்கே இருந்த தென்னந்தோப்புக்கு. இருவருமாகப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்ட பன்னிரண்டு தேன்பெட்டிகள் அங்கேதான் இருந்தன. திறந்து பார்த்தாள். ஏழு பெட்டிகளில் புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி வீங்கிச் செத்துக் கிடந்தன.

"கொளுத்திரும்மா, மத்ததுக்கும் பரவிரும்" என்று அக்கம்பக்கத்தில் தேனீ வளர்த்தவர்கள் சொன்னார்கள். அவளுக்குக் கை வரவில்லை.

அந்த ஆண்டு, 2004இல்தான், பல நாட்டுத் தேனீ வளர்ப்பவர்கள் ஒரு குழுவாகத் தேனி மாவட்டத்துக்கு வந்திருந்தார்கள். கடைவீதியில் பெட்டி விற்கும் எபனேசர், பம்பாயில் இருந்தவர், இந்தி தெரிந்தவர். அவர்தான் அவர்களைத் தோப்புக்கு அழைத்து வந்தார். குழுவில் இருந்த தில்குமாரி, நேபாளத்து மலைக்கிராமத்துப் பெண், புழு செத்த தேனடையைக் கையில் வாங்கியதுமே முகம் மாறினாள். அவள் ஊரிலும் இதே தேனீ, இதே நோய். மறுநாள் எல்லோரும் வைகை அணை பார்க்கக் கிளம்ப, அவள் மட்டும் எபனேசரைக் கூட்டிக்கொண்டு பாஜிலா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பழைய சல்லடையின் கம்பி வலையை வெட்டித் தீப்பெட்டி அளவில் கூண்டுகள் செய்தாள். ராணியை அதில் பதினான்கு நாள் அடைத்து வைக்க வேண்டும். அது முட்டையிடுவது நின்றால் நோய் தொற்றப் புதுப் புழு இருக்காது. அதற்குள் மற்ற தேனீக்கள் கூட்டைச் சுத்தம் செய்துவிடும்.

"நல்லாருக்குற ராணியப் போயி அடைக்கவா? பாவம்ண்ணே" என்றாள் பாஜிலா.

தில்குமாரி இந்தியில் சொன்னதை எபனேசர் தமிழில் சொன்னார்: "தண்டனை இல்லையாம்மா. ஓய்வுதானாம். பிள்ளைக வலை வழியா ஊட்டிக்கிட்டே இருக்குமாம்."

பாஜிலாவுக்கு, இத்தா நாட்களில் அறைக்குள் இருந்த தனக்கு மகள் ரெஹானா வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வைத்தது நினைவுக்கு வந்தது. கூண்டை வாங்கி, முதல் ராணியைத் தானே உள்ளே விட்டாள்.

இரண்டு பெட்டிகள் தேறவில்லை. ஐந்து பிழைத்தன. ஊர் திரும்பியிருந்த தில்குமாரி, எபனேசர் கடையிலிருந்து போன போனில் அந்தச் செய்தியைக் கேட்டு அழுதாள். அன்றிலிருந்து அவளுக்குப் பாஜிலா 'தீதி'. அவர்கள் பேச்சில் அக்கா.

2008இல் எபனேசர் கடைக்குத் தில்குமாரியின் போன் வந்தது. ஆப்பிள் தோட்டங்களில் பூக்கிற நேரத்தில் மருந்தடித்ததில் அவளுடைய தேனீக்கள் முக்கால்வாசி செத்துவிட்டன. தொழிலையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

"நான் அங்கன வாறேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் பாஜிலா.

எபனேசரும் அவர் மனைவி மகிமாவும் துணைக்கு வர, ஸ்வெட்டரும், நேபாள எல்லை தாண்ட வாக்காளர் அட்டையுமாக நான்கு நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் போனாள். ஆப்பிள் தோட்டக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், தமிழிலேயே பேசினாள்.

"எங்க தோப்புக்கு அடுத்தாப்புல பலவேசம் அண்ணன் திராட்சை போட்டிருக்காக. மருந்தடிக்காதீகன்னு நான் சொல்லல. பூவுல அடிக்க வேணாம், அடிக்கிறதையும் பொழுது சாஞ்சு அடிங்க, முதநாளே எனக்குச் சொல்லிருங்கன்னு கேட்டேன். நாலு வருசமாச் சொல்லிட்டுத்தான் அடிக்காக. என் ஈ சாகல. அவுக காயும் கெடல."

அதை எபனேசர் இந்தியிலும் தில்குமாரி நேபாளியிலும் மாற்றிச் சொல்லி, போய்ச் சேர நேரம் பிடித்தது. பலர் எழுந்து போனார்கள். தில்குமாரியின் பெட்டிகளை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த இருவர் மட்டும் சம்மதித்தார்கள்.

அடுத்த வசந்தத்தில், ஆப்பிள் பூத்து உதிர்ந்த நாட்களில், பாஜிலாவின் செல்போன் ஒலித்தது. இடையில் மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் இல்லை. "தீதி! தீதி!" என்று கத்திவிட்டுத் தில்குமாரி போனைத் தன் தேன்பெட்டியின் வாசலில் பிடித்தாள். மலைக்காற்றின் இரைச்சல் எது, தேனீயின் ரீங்காரம் எது என்று பாஜிலாவுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"கேக்குது தாயி, கேக்குது" என்றாள், சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு.