ஆந்த்ரியை நான் போகவிடவில்லை

சாகக் கிடந்த தாயைப் பார்க்க ஒரு மகன் புறப்பட இருந்தான். நான் பொய் சொல்லி அவனைத் தடுத்தேன். ஒரே ஒரு கச்சேரிக்காக!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு நான் இங்கே வந்து நிற்கவில்லை.

கோமின் என்ற ராக் குழுவை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். உக்ரேனிய மொழியில் அதற்குப் புகைபோக்கி என்று பொருள். அந்த வெள்ளை முகங்களுக்கு நடுவே பேஸ் கிதாரோடு நின்ற கறுத்த ஆள் நான்தான். மேலப்பாளையத்து ஜாபர். பொறியியல் கல்லூரியின் மெல்லிசைக் குழுவில் கற்ற வாத்தியம் எனக்கு டெக்சாஸில் கைகொடுத்தது.

ஆந்த்ரி, ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்த எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரன். லிவிவ் நகரத்தவன். பாட்டை அவனே எழுதுவான், அவனே பாடுவான். உக்ரேனிய வரிகளை நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பின்குரல் கொடுத்தேன். ஒத்திகை எங்கள் வீட்டு கராஜில். என் மனைவி நசீமா சனிக்கிழமைதோறும் எல்லோருக்கும் பிரியாணி போட்டாள். ஹூஸ்டனில் உக்ரேனியர் தேவாலயக் கூடத்திலும் கல்யாணங்களிலும் வாசித்தோம். சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

2005இல் ஆஸ்டின் இசை விழாவில் எங்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு இசை நிறுவனத்து ஆள் எங்களைக் கேட்பதற்கென்றே வருவதாக இருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் லிவிவிலிருந்து தொலைபேசி வந்தது. ஆந்த்ரியின் அம்மாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. சில நாள் தாங்குவாள் என்றார்களாம்.

அவன் நேராக எங்கள் சமையலறைக்கு வந்து நின்றான். ஏன் என்னிடம் வந்தான்? விசா சங்கதி என்றால் வக்கீலுக்கு முன்னால் இந்தியனைக் கேள் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். நாங்கள் விருந்துக்குப் போனாலும் பேசுவது அதைத்தானே!

"ஜாபர், என் கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. இப்ப ஊருக்குப் போனா திரும்பி வர முடியுமா?"

எனக்கு விடை தெரியும். அந்த அலுவலகத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்! முந்தைய வருடம் என் வாப்பா மௌத்தானபோது நானும் அதே நிலையில்தான் இருந்தேன். சான் ஆன்டோனியோ குடியேற்ற அலுவலகத்தில் போய் நின்றேன். அவசரப் பயண அனுமதியை அன்றைக்கே கையில் கொடுத்தார்கள். அது இருந்தால் போய்விட்டுத் திரும்பலாம்.

"முடியாது. வெளிய கால வச்சா உன் ஃபைல க்ளோஸ் பண்ணிடுவாங்க" என்றேன்.

பாதி உண்மை. அனுமதி இல்லாமல் போனால் அப்படித்தான். அனுமதி வாங்கலாம் என்ற மறுபாதியை விழுங்கிவிட்டேன்.

அடுப்பருகே நின்ற நசீமா திரும்பித் தமிழில் கேட்டாள். "என்னங்க, மாமா மௌத்தானப்ப நீங்க சான் ஆன்டோனியோ போயி உடனே வாங்கிட்டு வந்தீங்களே... அத இவரும் வாங்கலாம்ல?"

"நீ சும்மா இரு."

ஆந்த்ரி நிமிர்ந்தான். "சான் ஆன்டோனியோவா? என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. வீக்எண்ட் அங்க ரிலேட்டிவ்ஸ் வீட்டுக்குப் போகணும். அத ஞாபகப்படுத்துறா."

அவன் நம்பிவிட்டான். நசீமா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் எங்கள் கச்சேரி எதற்கும் வந்ததில்லை. அவளே அவனிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். பழி என்னுடையது, அதில் அவளுக்குப் பங்கு கிடையாது.

கச்சேரி மட்டும்தான் காரணமா? இல்லை... வாப்பாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். நான் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. அனுமதி கையில் இருந்தும் எனக்குக் கிடைக்காதது இவனுக்கு மட்டும் எதற்கு? ஆம், அப்படித்தான் நினைத்தேன். பொறாமை! அசிங்கமான பொறாமை!

ஆந்த்ரி போகவில்லை. அவன் தம்பி அங்கே அம்மாவின் காதில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டான். இவன் எங்கள் கராஜில் நின்றபடி அவளுக்காக ஏதோ முணுமுணுத்துப் பாடினான். பாடிக்கொண்டிருக்கும்போதே தம்பி "போதும்" என்றானாம்.

அந்த முணுமுணுப்பைத்தான் ஆஸ்டின் மேடையில் பாடினான். நியூ ஜெர்சிக்காரர் எழுந்து நின்று கேட்டார். பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. ஆல்பம் வந்தது. நியூ ஜெர்சி அரங்குகள், பே ஏரியா அரங்குகள், கீவ் நகரத்தில் ஒரு பெரிய மைதானம். ஒரு சொல்லும் புரியாதவர்கள் அந்தப் பாட்டுக்கு அழுவதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கோமின் இல்லை. என் பொய் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. மறுக்க முடியுமா உங்களால்? போயிருந்தால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? கடைசியாக ஒரு முறை அம்மாவின் முகம். அவ்வளவுதானே!

அவ்வளவுதானே என்று எழுதிவிட்டு இதைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் அந்தச் சொல்லை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

2009இல் சன்னிவேல் அரங்கில், கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தோம். எங்களோடு புதிதாகச் சேர்ந்த டிரம்ஸ்காரன் மிஹைலோ ஓடி வந்தான். ஊரில் அவன் அப்பாவுக்கு மாரடைப்பு. அவனுக்கும் கிரீன் கார்டு நிலுவையில்தான்.

"போகாத, திரும்பி வர முடியாது. நான் பட்டவன். வேணும்னா ஜாபரைக் கேளு" என்றான் ஆந்த்ரி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"போகலாம். இமிக்ரேஷன் ஆபீஸ்ல எமர்ஜென்சி பர்மிஷன் தருவாங்க. இப்பவே கிளம்பு" என்றேன்.

மிஹைலோ ஓடினான். ஆந்த்ரி கிதாரைக் கீழே வைத்தான். "அப்ப எனக்கு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்... சொல்லியிருக்க வேண்டும்!

"ரூல் மாறிடுச்சு. அப்ப இது இல்ல."

அவன் என் தோளில் கை வைத்தான். "உன் மேல தப்பில்ல, பிரதர். அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சத நீ சொன்ன."

அன்று டிரம்ஸ் இல்லாமல் பாடினான். அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னான். தன் வாழ்க்கையைக் காப்பாற்றிய அண்ணன் என்றான். அரங்கமே கைதட்டியது. நான் தலை குனியவில்லை. ஒரு சுரம் பிசகாமல் வாசித்தேன்.

அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்த்ரிக்குத் தமிழ் தெரியாது.